விழுந்துகொண்டே சுற்றுவது: செய்மதி, சந்திரன், கோள்களின் பாதையைக் கையால் கணிக்க முழுமையான வழிகாட்டி

"புவியிலிருந்து 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதியின் கதி என்ன?" வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கும் எனக்கு இந்த வினாவுக்கு அடிக்கடி வந்துசேரும் விடை, செக்கனுக்கு 31.6 கிலோமீற்றர். அந்தக் கதியில் எறிந்த பொருள் புவியைச் சுற்றாது, திரும்பிப் பாராமல் போய்விடும். சமன்பாட்டை மாணவர் சரியாகத்தான் எழுதியிருப்பார், வகுத்தலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஆரை வரவேண்டிய இடத்தில் உயரம் உட்கார்ந்திருக்கும். அதைவிட வருத்தம் தருவது, விடையை ஒருமுறை உற்றுப் பார்த்து "இது நடக்கக்கூடியதா?" என்று அவர் கேட்டுக்கொள்ளாததுதான்.

இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தை உண்டாக்க எழுதப்பட்டது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு விடையையும் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். போயா (பூரணை நாள்) விடுமுறை குறித்த காலண்டர், கூரையில் இருக்கும் டிஷ், சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் எல்லாம் இங்கே அளவுகருவிகள்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்கவேண்டியவை

இரண்டு எண்கள் போதும். புவியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர். தரையில் ஈர்ப்பு ஆர்முடுகல் (தமிழ்நாட்டு நூல்களில் முடுக்கம்) செக்கன் வர்க்கத்துக்கு 9.82 மீற்றர், அதாவது 0.00982 கிலோமீற்றர்.

எல்லாவற்றையும் கிலோமீற்றரிலும் செக்கனிலும் வையுங்கள். பாடநூல் மீற்றரில்தான் வைக்கும். ஆனால் பத்தின் பதினான்காம் அடுக்கோடு மல்லுக்கட்டும்போது ஒரு சுழியம் நழுவுவது கண்ணுக்குத் தெரியாது. கிலோமீற்றரில் கதிகள் 1, 3, 8 என்று சிறியவையாக வரும், பிழை இருந்தால் உடனே உறுத்தும்.

நமது பரீட்சை மண்டபத்தில் கணிப்பானுக்கு இடமில்லை. ஆகவே மடக்கை அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். வினாத்தாள் ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள், கதியில் அதனால் வரும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு வீதம்தான். வீட்டில் பயிலும்போது 9.82 ஐயே எடுங்கள். இல்லாவிட்டால் சரிபார்க்கும்போது எது உங்கள் பிழை, எது அந்த ஒரு வீதம் என்று பிரிக்க முடியாமல் போகும்.

2. முதலில் ஒரு கல்லை விழ விடுங்கள்

சமன்பாட்டை இப்போது தொடவேண்டாம். காலி முகத்திடலில் கடலைப் பார்த்து நின்று ஒரு கல்லைக் கிடையாக எறிவதாக நினையுங்கள். எவ்வளவு வேகமாக எறிந்தாலும், முதல் செக்கனில் அது 4.9 மீற்றர் கீழே விழும். கிடை வேகம் விழுதலைத் தடுப்பதில்லை. அந்த ஒரு செக்கனில் கல் எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டுமே அது மாற்றுகிறது.

இனிக் கடலைப் பாருங்கள். கடல் தட்டையானதன்று. 7.9 கிலோமீற்றர் தள்ளிப் போனால், நீங்கள் நிற்கும் இடத்தில் தொடும் நேர்கோட்டிலிருந்து நீர்மட்டம் 4.9 மீற்றர் கீழே வளைந்திருக்கும். கணக்கு எளிது: தூரத்தின் வர்க்கத்தைப் புவியின் விட்டத்தால் வகுங்கள். 62.4 ஐ 12,742 ஆல் வகுத்தால் 0.0049 கிலோமீற்றர்.

இரண்டையும் பொருத்துங்கள். ஒரு செக்கனில் 7.9 கிலோமீற்றர் போகும் கல் 4.9 மீற்றர் விழுகிறது. அதே இடத்தில் கடலும் 4.9 மீற்றர் விலகிக் கொடுக்கிறது. காற்றை மறந்துவிட்டால், கல்லுக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி மாறுவதே இல்லை. கல் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் இறங்காது. சுற்றுதல் என்பது இவ்வளவுதான். 7.9 கிலோமீற்றர் என்பது ஏறத்தாழக் காலி முகத்திடலிலிருந்து தெகிவளைப் பக்கம் வரையான தூரம். நூறாம் இலக்க பஸ் அதற்கு எடுக்கும் நேரத்தை இந்த வழியால் போய்வருவோர் அறிவர்.

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் பின்னால் "மேலே ஈர்ப்பு இல்லை, அதனால்தான் விண்வெளி வீரர் மிதக்கிறார்" என்று எழுதுகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 410 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 88 வீதம். அங்கே ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் போய்த் தொலைந்துவிடும். வீரரும் நிலையமும் சேர்ந்தே விழுவதால் அவரைத் தாங்கத் தரை ஒன்று இல்லை, மிதப்பதுபோல் தோன்றுவது அதனால்தான்.

3. ஆரையைப் புவியின் மையத்திலிருந்து அளவுங்கள்

வினாவில் "உயரம்" என்ற சொல்லைக் கண்டதும், வேறு எதையும் செய்யுமுன், பக்கத்தில் 6,371 ஐக் கூட்டி எழுதிவிடுங்கள். புவி தன் மேற்பரப்பிலிருந்து இழுப்பதில்லை. கோள வடிவான பொருள் வெளியே உள்ள ஒன்றை இழுக்கும்போது, அதன் திணிவு முழுவதும் மையத்தில் குவிந்திருப்பது போலவே நடந்துகொள்கிறது. அதனால் தூரமும் மையத்திலிருந்துதான்.

410 கிலோமீற்றர் உயரம் என்றால் ஆரை 6,781. "உயரம் இரட்டித்தால் ஈர்ப்பு நான்கில் ஒன்று ஆகும்" என்ற தவறும் இங்கேதான் முளைக்கிறது. 400 இலிருந்து 800 க்கு ஏறினால் ஆரை 6,771 இலிருந்து 7,171 ஆகிறது, ஈர்ப்பு ஏறத்தாழ 11 வீதம்தான் குறையும்.

4. ஒரே ஒரு சமன்பாடு

வட்டத்தில் போகும் பொருளை மையத்தை நோக்கி வளைக்க ஓர் ஆர்முடுகல் வேண்டும். அதன் அளவு, கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தது. அதைக் கொடுப்பது ஈர்ப்பு. ஈர்ப்பு ஆரையின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. இரண்டையும் சமப்படுத்திச் சுருக்கினால் வருவது:

கதி × கதி × ஆரை = மாறாத ஓர் எண்

அந்த எண்ணை இங்கே "ஈர்ப்புப் பெருக்கம்" என்று அழைக்கிறேன். அது ஈர்ப்பு மாறிலியையும் நடுவில் உள்ள பொருளின் திணிவையும் பெருக்கியது. ஆனால் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தரையில் உள்ள ஆர்முடுகலைப் புவி ஆரையின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 0.00982 × 6,371 × 6,371. கிடைப்பது ஏறத்தாழ 398,600. இந்த எண்ணைத் தாளின் மேல் மூலையில் எழுதிக் கட்டம் கட்டிவிடுங்கள். புவியைச் சுற்றும் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான்.

சுற்றுக்காலம் வேண்டுமானால் சுற்றளவைக் கதியால் வகுத்தால் போதும். காலத்திலிருந்து ஆரைக்குப் போகவேண்டும் என்றால், ஆரையின் கனம் = ஈர்ப்புப் பெருக்கம் × காலத்தின் வர்க்கம் ÷ 39.48. (39.48 என்பது பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கியது. கையால் செய்யும்போது 40 என்று வைத்தாலும் குடி முழுகாது.)

இங்கே இரண்டு தடுக்கல்கள் உண்டு. முதலாவது, மையநீக்க விசை என்று ஒன்றை வெளிநோக்கி வரைந்து, "இரண்டும் சமன், அதனால் செய்மதி நிற்கிறது" என்று முடிப்பது. விசைகள் சமனானால் பொருள் வளையாது, நேரே போகும். தரையில் நின்று பார்க்கும் நமக்குச் செய்மதி மீது இருப்பது ஈர்ப்பு என்ற ஒரே விசை. மையநாட்ட விசை என்பதும் அந்த ஈர்ப்பு செய்யும் வேலைக்கு வைத்த பெயர்தான், இன்னொரு அம்புக்குறி போடாதீர்கள்.

இரண்டாவது, செய்மதியின் திணிவைத் தேடி வினாவைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அது இரு பக்கமும் இருந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். 2019 யூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இலங்கையின் இராவணா-1 வெளியே விடப்பட்டது. கையில் அடங்கும் பெட்டி, ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அதை விட்ட நிலையமோ நானூறு தொன்னுக்கு மேல். பிரிந்த வேளையில் இரண்டுக்கும் கதி கிட்டத்தட்ட ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான்.

5. முதல் முழுக் கணக்கு: விண்வெளி நிலையம்

ஆரை 6,781. பெருக்கத்தை வகுத்தால் 58.78. வர்க்கமூலம் 7.67. அதுவே கதி, செக்கனுக்குக் கிலோமீற்றரில். சுற்றளவு 42,606. அதைக் கதியால் வகுத்தால் 5,557 செக்கன், அதாவது 92.6 நிமிடம்.

சரிபார்க்க: இரண்டாம் படியில் கடல்மட்டத்துக்கு 7.9 வந்தது. மேலே போகப் போகக் கதி குறையவேண்டும், 7.67 குறைவாக இருக்கிறது. நல்லது.

கண்ணாலும் சரிபார்க்கலாம். நிலையம் அந்திக்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் நமக்கு இருட்டு, அதற்கு வெயில். தலைக்கு மேலாகப் போனால் அடிவானத்திலிருந்து அடிவானம் வரை சில நிமிடங்கள்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கு நடுவே நின்றால் அதில் பாதிகூடக் கிடைக்காது. மரைன் டிரைவ் அல்லது காலி முகத்திடல் போன்று மேற்கு திறந்த இடம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை, பட்டறிவிலிருந்து. 92.6 நிமிடம் என்று கணித்த மகிழ்ச்சியில், அது ஒருமுறை தலைக்கு மேல் கடந்த பிறகு, இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்ப வரும் என்று காலி முகத்திடலில் இறால் வடையோடு நான் காத்திருந்திருக்கிறேன். வரவில்லை. கணக்கில் பிழையில்லை. நிலையம் தன் பாதையில் ஒரு சுற்று முடித்தபோது, புவி அதற்கடியில் 23 பாகை கிழக்கே உருண்டுவிட்டது. கொழும்பும் கூடவே போய்விட்டது. அடுத்த சுற்று நமக்கு மேற்கே ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் தள்ளி, மாலைதீவுக்கும் அப்பால் கடலின் மேல் போயிற்று. செய்மதியின் பாதையை ஈர்ப்பு தீர்மானிக்கிறது. அந்தப் பாதைக்குக் கீழே எந்த ஊர் வரும் என்பதைப் புவியின் சுழற்சி தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் குழைக்காதீர்கள்.

6. சந்திரனும் போயாவும்

அதே பெருக்கம், அதே சமன்பாடு. இம்முறை காலத்திலிருந்து தூரத்துக்குப் போவோம்.

காலத்துக்கு எங்கே போவது? காலண்டரை எடுத்து, ஒரு போயாவிலிருந்து அடுத்த போயா வரை எண்ணுவார்கள். 29 அல்லது 30 நாள் வரும், சராசரி 29.53. அதைப் போட்டால் ஆரை ஏறத்தாழ 403,600 கிலோமீற்றர். உண்மையான சராசரித் தூரம் 384,400. ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் பிசகு, அதாவது புவியின் விட்டத்தை ஒன்றரை முறை விழுங்கிய பிசகு.

பூரணை என்பது சூரியன், புவி, சந்திரன் மூன்றும் சேர்ந்து அமைக்கும் நிலை. சந்திரன் ஒரு முழுச் சுற்று முடித்து, கிளம்பிய விண்மீனுக்கு நேரே வந்துசேர 27.32 நாள்தான் எடுக்கிறது. ஆனால் அதற்குள் புவி சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 27 பாகை நகர்ந்துவிடும். மறுபடி சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரச் சந்திரன் இன்னும் இரண்டு நாளுக்கு மேல் ஓடவேண்டும். ஈர்ப்புச் சமன்பாட்டுக்குப் போகவேண்டியது விண்மீனை வைத்து எண்ணிய 27.32. பூரணையைச் சமன்பாடு அறியாது.

27.32 நாளைச் செக்கனாக்கினால் 2,360,450. கணித்தால் 383,200 வரும். உண்மைக்கு 1,200 கிலோமீற்றர் குறைவு. இதைப் "பரவாயில்லை" என்று விட்டுவிடாதீர்கள், அந்த இடைவெளியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. புவி அசையாமல் நிற்கிறது, சந்திரன் மட்டும் சுற்றுகிறது என்று எடுத்துவிட்டோம். சந்திரனின் திணிவு புவியுடையதில் 81 இல் ஒரு பங்கு. இரண்டும் பொது மையம் ஒன்றைச் சுற்றுகின்றன. பெருக்கத்தில் அந்த 81 இல் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள், இடைவெளி சில நூறு கிலோமீற்றராகச் சுருங்கும். எஞ்சியதில் சூரியனின் இழுப்புக்கும் பங்குண்டு.

ஒரு கிலோகிராம் செய்மதிக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. எப்போது தேவை என்று அறிய, சுற்றும் பொருளின் திணிவை நடுப்பொருளின் திணிவோடு ஒப்பிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

7. கூரையில் இருக்கும் டிஷ்

டிஷ் அன்டெனாவை ஒருமுறை திருகி வைத்தால் ஆண்டுக்கணக்கில் அசைப்பதில்லை. ஆகவே அது பார்க்கும் செய்மதி வானில் அதே இடத்தில் நிற்கவேண்டும். நிற்பது என்றால், புவி சுழலும் அதே காலத்தில் சுற்றுவது.

இங்கே வருவது போயாப் பிழையின் தம்பி: 24 மணித்தியாலம் என்று போடுவது. புவி ஒருமுறை சுழல எடுப்பது 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4 செக்கன், அதாவது 86,164 செக்கன். நண்பகலிலிருந்து நண்பகல் வரைதான் 24 மணித்தியாலம், அதிலும் புவி சூரியனைச் சுற்றி நகர்ந்த பங்கு கலந்திருக்கிறது. நான்கு நிமிடம்தானே என்று எண்ணவேண்டாம். 24 மணித்தியாலத்தில் சுற்றும் செய்மதி ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு பாகை மேற்கே பின்தங்கும். சிறிய டிஷ்ஷின் பார்வை அகலம் இரண்டு மூன்று பாகைதான். வாரம் முடியுமுன் தொலைக்காட்சி இருண்டுவிடும்.

86,164 ஐ வர்க்கமாக்கி, 398,600 ஆல் பெருக்கி, 39.48 ஆல் வகுத்தால், ஆரையின் கனம் ஏறத்தாழ 74,960 என்பதன் பின்னால் ஒன்பது சுழியம். கனமூலத்துக்கு அஞ்சவேண்டாம், ஊகித்து நெருங்குங்கள். 42 இன் கனம் 74,088. 42.2 இன் கனம் 75,151. நமது எண் இடையில், ஐந்தில் நான்கு பங்கு தள்ளி இருக்கிறது. ஆரை 42,164 கிலோமீற்றர். மத்தியகோட்டில் புவியின் ஆரை 6,378. கழித்தால் உயரம் 35,786.

அந்த வளையத்துக்குக் கிளார்க் வளையம் என்ற பெயரும் உண்டு. அங்கே செய்மதிகளை வைத்து உலகெங்கும் தொடர்பு கொள்ளலாம் என்று 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது நமது கொழும்பு ஏழில்.

"அப்படியானால் ஒன்றைக் கொழும்புக்கு நேர் மேலேயே நிறுத்தலாமே?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல வினா. கொழும்பு மத்தியகோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. ஈர்ப்பு புவியின் மையத்தை நோக்கியே இழுப்பதால், எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் அந்த மையத்தின் ஊடாகத்தான் போகவேண்டும். கொழும்பின் அகலக்கோட்டுக்கு மேலாக மட்டும் ஓடும் வட்டத்தின் நடுப்புள்ளி புவியின் மையத்துக்கு வடக்கே விழும். அங்கே இழுக்க எதுவும் இல்லை. ஆகவே நிலையாக நிற்கும் செய்மதிக்கு மத்தியகோடு ஒன்றே இடம். நமது நெடுங்கோட்டிலேயே ஒன்று நின்றால், அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 8 பாகை தெற்கே தெரியும். லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டு டிஷ் தெற்கு அடிவானத்திலிருந்து 30 பாகை அளவிலேயே நோக்குவதும் இதே கணக்குத்தான்.

சரிபார்க்கக் கூரைக்கு ஏறுவோர் ஒன்றைக் கவனியுங்கள். வீடுகளில் உள்ள பெரும்பாலான டிஷ்களில், அலையைப் பிடிக்கும் வாங்கி என்ற உறுப்பு தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். தட்டின் முகம் பார்க்கும் திசையும் அலை வரும் திசையும் இருபது பாகைக்கு மேல் வேறுபடலாம். முகத்தை வைத்துக் கோணம் அளந்து "கணக்கு பிழை" என்று இறங்கி வராதீர்கள்.

8. வட்டம் போதாதபோது பஞ்சாங்கத்தைத் திறவுங்கள்

இதுவரை எல்லாம் வட்டம். உண்மைப் பாதைகள் நீள்வட்டம், நடுப்பொருள் அதன் குவியம் ஒன்றில் இருக்கும். நீள்வட்டத்தை முதல் நாளே தொடவேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டத்தில் தூரமும் கதியும் மாறுவதில்லை, பிழையைத் தேடும் இடங்கள் குறைவு. அது கை வந்த பிறகு, ஒரு விதியை மட்டும் கூட்டினால் போதும்.

ஈர்ப்பு எப்போதும் சூரியனை நோக்கியே இழுக்கிறது. பக்கவாட்டில் தள்ளித் திருகும் பங்கு அதற்கு இல்லை. ஆகவே கோண உந்தம் மாறாது. எளிய வடிவில்: தூரத்தின் வர்க்கத்தை, ஒரு நாளில் கோள் திரும்பும் கோணத்தால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண். அருகே வந்தால் விரைவு, தொலைவில் ஆமை நடை.

புவி சூரியனுக்கு மிக அருகில், 147.1 மில்லியன் கிலோமீற்றரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தொலைவில், 152.1 மில்லியனில் இருப்பது யூலை தொடக்கத்தில். நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தை உறைபனி கருக்கும் மாதத்தில்தான் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம். குளிரும் வெப்பமும் புவி அச்சின் சாய்வால் வருபவை, இந்தத் தூர வேறுபாட்டால் அல்ல. இதை ஆண்டுதோறும் சொல்கிறேன், ஆண்டுதோறும் யாராவது மாற்றி எழுதுகிறார்கள்.

இப்போது கணக்கு. 152.1 ஐ 147.1 ஆல் வகுத்தால் 1.034. வர்க்கம் 1.069. அதாவது ஜனவரியில் புவி கோண அளவில் யூலையைவிட ஏறத்தாழ 7 வீதம் விரைவாகத் திரும்பவேண்டும்.

இதைச் சரிபார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். பன்னிரண்டு ராசியும் தலா 30 பாகை. கோணம் சமம் என்பதால், மாதத்தின் நீளம் புவியின் வேகத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஓர் ஆண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 30.44 நாள். நமது 7 வீதத்தை இருபுறமும் பகிர்ந்தால், ஜனவரித் தொடக்கத்தை உள்ளடக்கிய மார்கழி 29.4 நாளும், யூலைத் தொடக்கத்தை உள்ளடக்கிய ஆனி 31.5 நாளும் ஆகவேண்டும்.

சுவரில் உள்ள பஞ்சாங்கக் காலண்டரைப் புரட்டுங்கள். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். ஆனிக்கு 31 அல்லது 32. ஈர்ப்பு வகுத்த நீள்வட்டம் எத்தனையோ தலைமுறையாக அடுக்களைச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் படியில் மட்டும் வகுப்பு சற்று அமைதியாகிவிடும்.

9. கோள்களுக்குப் போகும்போது பெருக்கத்தை மாற்றுங்கள்

398,600 புவிக்குரியது. சூரியனைச் சுற்றுபவற்றுக்கு அதையே போடுவது வழக்கமான கவனக்குறைவு. சூரியனுடையதைப் புவியின் பாதையிலிருந்தே எடுக்கலாம். தூரம் 149.6 மில்லியன் கிலோமீற்றர், ஆண்டு 31.56 மில்லியன் செக்கன், கதி 29.8. கதியின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, 398,600 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 333,000. சூரியன் இத்தனை புவிகளின் திணிவு. தராசு இல்லாமல் நிறுத்தாயிற்று. வியாழனின் துணைக்கோளான அயோவை (421,800 கிலோமீற்றர், 1.769 நாள்) வைத்து வியாழனையும் நிறுத்துப் பாருங்கள், 318 புவி வரவேண்டும்.

கோள்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமானால் பெருக்கமே வேண்டாம். காலத்தை ஆண்டிலும், தூரத்தைப் புவி-சூரியத் தூரத்திலும் வையுங்கள். காலத்தின் வர்க்கம் = தூரத்தின் கனம். புவிக்கு இரண்டும் 1 என்பதால் மாறிலி ஒழிந்துபோகிறது.

காலத்தை எங்கே பெறுவது? சனிப்பெயர்ச்சி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. பன்னிரண்டு ராசிக்கு 30 ஆண்டு. வர்க்கம் 900, கனமூலம் 9.65. அளந்தறிந்த தூரம் 9.58. குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை, பன்னிரண்டு ராசிக்கு 12 ஆண்டு. வர்க்கம் 144, கனமூலம் 5.24. அளந்தது 5.20. பலன் சொல்வது என் வேலையன்று, ஆனால் தூரம் சொல்லப் பெயர்ச்சி போதும். ஒரு பெயர்ச்சியை மட்டும் எடுக்காமல் முழுச் சுற்றையும் எடுங்கள். நாம் நிற்கும் புவியே நகர்வதால் கோள் இடையில் வக்கிரமாகப் பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும், தனி இடைவெளிகள் கூடிக் குறையும்.

10. கடைசியாக மட்டும்: காற்று பிடித்திழுக்கும் செய்மதி

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், முன்னைய படிகள் உறுதியாகாமல் இதற்கு வந்தால் எல்லாமே கலங்கிவிடும்.

400 கிலோமீற்றரிலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது செய்மதியைத் தடுக்கிறது. அப்படியானால் கதி குறையுமா? எல்லோரும் "ஆம்" என்பார்கள். சமன்பாட்டைக் கேளுங்கள். 410 கிலோமீற்றரில் 7.667. 300 க்கு இறங்கினால் 7.730. கூடிவிட்டது.

சக்திக் கணக்கை ஒரு கிலோகிராமுக்குப் போட்டால் சிக்கல் அவிழும். இந்த இறக்கத்தில் அழுத்தசக்தி 0.97 மெகாயூல் குறைகிறது. அதில் பாதி, 0.485, காற்றுக்கு வெப்பமாகப் போகிறது. மற்றப் பாதி இயக்கசக்தியாகச் சேர்கிறது. காற்று பிடுங்குவதைவிட இரண்டு மடங்கை இறக்கம் கொடுக்கிறது. மொத்தச் சக்தி குறைந்தும் கதி கூடுவதன் காரணம் இதுவே. விடைத்தாளில் மூன்று எண்களையும் எழுதுங்கள். கதி கூடும் என்று மட்டும் எழுதினால் மனப்பாடம் என்றுதான் திருத்துபவர் எண்ணுவார்.

விண்வெளி நிலையம் அவ்வப்போது இயந்திரத்தை இயக்கித் தன்னை மேலே தூக்கிக்கொள்கிறது. இராவணா-1 இடம் அப்படி இயந்திரம் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அது இறங்கி எரிந்தது. அப்படி இறங்கும் ஒன்றை நீங்கள் கணிக்கும்போது, ஏறத்தாழ 120 கிலோமீற்றர் உயரம் வந்ததும் பேனாவை வைத்துவிடுங்கள். அதற்குக் கீழே ஒரு சுற்று முடியுமுன்னே செய்மதி விழுந்துவிடும், வட்டம் என்று வைத்துப் போட்ட சமன்பாடு அங்கே செல்லாது.